விரிசலின் கதை – 21: பதினைந்தாயிரத்தில் ஒன்று

இழுத்தபோது வென்ற உலோகம், ஆட்டியபோது ஏன் தோற்றது? இந்தக் கேள்வியோடுதான் சென்ற வாரம் பிரிந்தோம்.

இடம், ஜெர்மனியின் ஆகன் நகரம். 1996 டிசம்பரில் அங்குள்ள ஃபிரான்ஹோஃபர் லேசர் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. உலோகப் பொடியை மிக மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். வேண்டிய இடத்தை மட்டும் லேசர் கதிர் உருக்க வேண்டும். அது உறைந்ததும் அதன்மேல் அடுத்த படலம், மறுபடி லேசர். இப்படி ஆயிரக்கணக்கான படலங்கள் ஏறியபின் பொடியை விலக்கினால், கணினியில் வரைந்த வடிவம் கெட்டி உலோகமாக உள்ளே நிற்கும். வார்ப்பு அச்சும் தேவையில்லை, சம்மட்டியும் தேவையில்லை. இன்று முப்பரிமாண அச்சு என்று உலகம் அழைக்கும் முறைகளில், உலோகத்துக்கான முதன்மையான வழி இதிலிருந்து வளர்ந்ததுதான்.

இப்படி அச்சிட்ட டைட்டானியக் கலவையை ஆய்வாளர்கள் இழுத்துப் பார்த்தார்கள். விமானத் துறை அதிகம் நம்பும் கலவை அது: 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். அடித்து உருவாக்கிய கம்பி ஏறத்தாழ 950 மெகாபாஸ்கலில் அறும். அச்சிட்ட கம்பியோ 1,100 மெகாபாஸ்கலையும் தாண்டித் தாங்கியது. லேசர் நகர்ந்த மறுகணமே உருகிய குட்டை உறைந்துவிடுவதால், உள்ளே ஊசி ஊசியாக மிக நுண்ணிய படிகங்கள் உருவாகின்றன. அவை தந்த பலம் அது.

அடுத்து சோர்வுச் சோதனை. இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்த ஆகஸ்ட் வோலர் பிரஷ்ய ரயில் அச்சுகளுக்குச் செய்த அதே சோதனைதான். சுமையை ஏற்று, இறக்கு, மறுபடி ஏற்று. நொடிக்கு 50 முறை ஆட்டினால் ஒரு கோடி முறையை எட்ட இரண்டு பகல், இரண்டு இரவுக்கும் மேல் ஆகும். அத்தனையும் தாங்கி முறியாமல் நிற்கும் உச்சச் சுமையைத்தான் சோர்வு எல்லை என்கிறோம். அச்சு எந்திரத்திலிருந்து எடுத்தபடியே, மெருகேற்றாமல் சோதித்த துண்டுகளின் சோர்வு எல்லை, அடித்து உருவாக்கிக் கடைந்தெடுத்த துண்டுகளின் எல்லையில் பாதிகூட வரவில்லை.

ஒரே உலோகம், ஒரே கலவை. ஒரு சோதனையில் முதலிடம், இன்னொன்றில் கடைசி. குற்றவாளி உள்ளே எங்கோ இருந்தான்.

முறிந்த முகம் சொன்ன சாட்சி

சோர்வால் முறிந்த உலோகத்தின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது முழு வாக்குமூலம். விரிசல் ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது முன்னேறிய தடங்கள் அதில் பதிந்திருக்கும். அந்தத் தடங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்னோக்கித் தொடர்ந்து போனால், எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடும். விரிசல் பிறந்த இடம் அது.

அச்சிட்ட உலோகங்களில் அந்தப் புள்ளியில் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒரு நுண்துளை. சில துளைகள் உருண்டையாக இருந்தன. லேசரின் ஆற்றல் மிகுந்து, உலோகம் கொதித்து ஆவியாகி, குட்டைக்குள் ஆழமாக ஒரு குழி பறித்து, அந்தக் குழி இடிந்து மூடும்போது அடியில் சிக்கிய குமிழிகள் அவை. வேறு சில தட்டையாக, கூர்விளிம்போடு, இரண்டு படலங்களுக்கு இடையில் படுத்துக்கிடந்தன. ஆற்றல் போதாமல் படலங்கள் ஒட்டாமல் விட்ட இடங்கள். அவற்றுக்குள் உருகாத பொடி மணிகள் அப்படியே இருந்தன. இரண்டில் இவைதான் கொடியவை. தட்டையான துளை இழுவிசைக்குக் குறுக்கே வாய்த்துவிட்டால், அது பிறக்கும்போதே விரிசல்.

எந்திரம் செய்தவர்களிடம் ஒரு பதில் இருந்தது. எங்கள் உலோகம் 99.9 சதவீதம் அடர்த்தியானது என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தில் 0.1 சதவீதம் என்பது ஒரு கன மில்லிமீட்டர் வெற்றிடம். அந்த வெற்றிடம் 50 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைகளாகச் சிதறிக்கிடந்தால், அவற்றின் எண்ணிக்கை 15,000க்கும் மேல்!

இழுக்கும் சோதனை அந்தப் பதினைந்தாயிரத்தின் சராசரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. சோர்வு அப்படியல்ல. அது அவற்றில் ஆகப் பெரியதை, ஆக மோசமான இடத்தில் இருப்பதைத் தேடிப் பிடித்து, அங்கே தன் வேலையைத் தொடங்குகிறது. ஒரு விமானப் பாகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆகப் பெரிய துளை எவ்வளவு பெரியது என்று, பாகத்தை வெட்டாமல் எப்படிச் சொல்வது?

விடை உலோகவியலிலிருந்து வரவில்லை. நாஜிகள் நாட்டைவிட்டு விரட்டிய ஒரு கணித அறிஞர் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதி வைத்திருந்தார்.

கொலைகளை எண்ணியவர், வெள்ளத்தை எண்ணியவர்

எமில் கும்பெல் 1891இல் மியூனிக்கில் பிறந்தவர். முதல் உலகப்போருக்குத் தானே முன்வந்து போய், போரை வெறுத்துத் திரும்பியவர். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அரசியல் கொலைகள் அன்றாடச் செய்தியாக இருந்தன. கும்பெல் புள்ளியியல் படித்தவர், எண்ணத் தெரிந்தவர். எண்ணினார். 1922இல் வந்த அவருடைய புத்தகம், நான்கு ஆண்டுகளில் வலதுசாரிகள் செய்த 354 கொலைகளையும் இடதுசாரிகள் செய்த 22 கொலைகளையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் தந்த தண்டனையையும் பக்கத்தில் வைத்தது. 354இல் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தண்டனையே இல்லை. நீதி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அந்த அட்டவணையே சொன்னது.

அதற்கான விலையை அவர் கொடுத்தார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்புகள் அவருக்கு எதிராகக் கலகம் செய்தன. 1932இல் பாடம் நடத்தும் உரிமையைப் பல்கலைக்கழகம் பறித்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சி குடியுரிமை பறித்து வெளியிட்ட முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. பிரான்சில் லியோன் நகரில் தஞ்சம் புகுந்தார். 1940இல் பிரான்சும் விழுந்தது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்த அகதி வாழ்க்கையினூடே அவர் விடாமல் பிடித்திருந்த கேள்வி ஒன்றுண்டு. ஓர் ஆற்றில் நூறு ஆண்டுகளில் வரக்கூடிய ஆகப் பெரிய வெள்ளம் எவ்வளவு உயரும்? நம்மிடம் இருப்பது முப்பது, நாற்பது ஆண்டுப் பதிவுகள் மட்டும். அணை கட்டுகிறவனுக்குச் சராசரி நீர்மட்டத்தால் பயனில்லை. அணையை உடைப்பது சராசரி நாள் அல்ல.

அடித்தளம் முன்பே விழுந்திருந்தது. இங்கிலாந்தில் பருத்தி நூலின் வலிமையை ஆராய்ந்த லெனர்ட் டிப்பெட், நூல் அறுவது அதன் ஆகப் பலவீனமான இடத்தில்தான் என்பதிலிருந்து தொடங்கி, ரொனால்ட் ஃபிஷருடன் சேர்ந்து 1928இல் உச்சங்களுக்கான கணிதத்தை வகுத்திருந்தார். அதைப் பொறியாளர் கையில் பிடிக்கும் கருவியாக்கியவர் கும்பெல். 1941இல் வெள்ளங்கள் திரும்ப வரும் கால இடைவெளி பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. 1958இல் உச்சங்களின் புள்ளியியல் பற்றிய பெருநூல் வந்தது.

முறை எளிது. ஒவ்வோர் ஆண்டிலும் ஆகப் பெரிய வெள்ளத்தை மட்டும் எடுத்துக்கொள். மற்ற நாள்களைத் தூக்கிப்போடு. எடுத்தவற்றை அவர் வகுத்த அளவுகோலிட்ட தாளில் குறித்தால், புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டை நீட்டினால் நூறாவது ஆண்டின் வெள்ளத்தை அது முன்கூட்டியே சொல்லும்.

1966இல் நியூயார்க்கில் கும்பெல் மறைந்தார். எஃகுக்குள் ஒளிந்திருக்கும் குறைகளைத் தன் கோடு அளக்கும் என்பதைப் பார்க்க அவர் இல்லை.

ஃபுகுவோகாவில் ஒரு சூத்திரம்

ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுகுவோகா நகரில், யுகிதாகா முராகாமி என்ற பொறியியலாளர் பல்லாண்டுகளாக ஒரு பிடிவாதத்தோடு உழைத்தார். எஃகுத் துண்டுகளில் மைக்ரான் கணக்கில் நுண்ணிய துளைகளைத் தானே போட்டார், ஆட்டி முறித்தார், கணக்கு வைத்தார். துளையின் வடிவம் உருண்டையா, உருளையா, கீறலா என்பது அவ்வளவாக முக்கியமில்லை என்று அவருக்குப் புலப்பட்டது. விசை வரும் திசையிலிருந்து பார்த்தால் அந்தக் குறை எவ்வளவு பரப்பை அடைக்கிறதோ, அதன் வர்க்கமூலம் போதும். அதோடு உலோகத்தின் கடினத்தன்மை. இந்த இரண்டு எண்களைக் கொண்டு, துண்டை ஒரு முறைகூட ஆட்டாமலே அதன் சோர்வு எல்லையைச் சொல்லிவிடலாம். சக ஆய்வாளர் எண்டோவுடன் சேர்ந்து 1980களில் அவர் வெளியிட்ட அந்தச் சூத்திரம் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது.

அந்தச் சூத்திரத்தின்படி குறையின் அளவு இருமடங்கானால் சோர்வு எல்லை சுமார் 11 சதவீதம் குறைகிறது. 64 மடங்கானால் பாதியாகிறது. அதே குறை உலோகத்தின் நடுவில் இல்லாமல் மேற்பரப்பில் வாய் திறந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கெடுக்கும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் முடிவதற்குள் அது நம்மைத் திரும்பத் தேடி வரும்.

முராகாமிக்கும் அதே சிக்கல்தான்: ஆகப் பெரிய குறையின் அளவு எப்படித் தெரியும்? அவர் கும்பெலை எடுத்தார். எஃகின் வெட்டுமுகத்தில் ஒரே அளவான பல சதுரங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் ஆகப் பெரிய குறையை மட்டும் குறிக்க வேண்டும். மற்றவற்றை விட்டுவிடலாம். ஆண்டுக்குப் பதில் சதுரம், வெள்ளத்துக்குப் பதில் துளை. கோட்டை நீட்டினால், முழுப் பாகத்துக்குள்ளும் ஒளிந்திருக்கக்கூடிய ஆகப் பெரிய குறையின் அளவு கிடைத்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2018இல், அதே முராகாமி தன் சகாக்களோடு அச்சிட்ட டைட்டானியத்தைக் கையில் எடுத்தார். எஃகுக்காக எழுதிய கணக்கு அச்சுப் பொடியில் பிறந்த உலோகத்துக்கும் பொருந்தியது.

குற்றவாளியின் அளவு தெரிந்துவிட்டது. இனி அவனை ஒழிக்க வேண்டும். அதற்கான ஆயுதம், யாரும் எதிர்பாராத விதமாக, ஓர் அணு உலைத் திட்டத்தின் கிடங்கில் இருந்தது.

நசுக்கிய துளை உயிர்த்தெழுந்தது

1955இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் உள்ள பட்டேல் ஆய்வு நிறுவனத்தில், அணு எரிபொருளின்மேல் சிர்கோனிய உறையை இடைவெளியின்றி ஒட்டவைக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். பாகத்தை ஒரு கனத்த கலத்துக்குள் வைத்துச் சூடாக்கி, வாயுவால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துவது. வெப்ப சம அழுத்த முறை என்று இதைச் சொல்லலாம். தொழிற்சாலைகளில் ‘ஹிப்’ என்பார்கள்.

அச்சிட்ட டைட்டானியத்தை ஏறத்தாழ 920 டிகிரி செல்சியஸில், வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கு அழுத்தத்தில், இரண்டு மணி நேரம் வைத்தார்கள். உலோகம் இளகி, உள்ளே இருந்த துளைகளின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடின. எக்ஸ்ரே சி.டி. ஸ்கேனில் ஒரு துளையும் தெரியவில்லை. சோர்வு எல்லை உயர்ந்தது. கதை சுபமாக முடிந்தது என்றே பலரும் நம்பினார்கள்.

2016இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் கற்றையால் அச்சிட்ட டைட்டானியத் துண்டுகளை முதலில் ஸ்கேன் செய்தார்கள். அழுத்தி மூடியபின் ஸ்கேன் செய்தார்கள். பிறகு வழக்கமான வெப்பப் பதப்படுத்தலுக்காக மறுபடி சூடாக்கிவிட்டு மூன்றாம் முறையும் ஸ்கேன் செய்தார்கள். மூடிய துளைகள் அதே இடங்களில் மறுபடி திறந்திருந்தன!

காரணம் ஆர்கான். உலோகப் பொடியைத் தயாரிக்கும்போதே உருகிய உலோகத்தை ஆர்கான் பீச்சிச் சிதறடிக்கிறார்கள். சில பொடி மணிகளுக்குள் அந்த வாயு சிக்கிக்கொள்கிறது. அது டைட்டானியத்தில் கரையாது, வெளியேறவும் வழியில்லை. அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிக் காத்திருக்கிறது. அழுத்தம் போய்ச் சூடு வந்ததும் விரிகிறது.

அழுத்தத்தில் நீண்ட நேரம் வைத்ததால் இன்னொரு நட்டமும் நேர்ந்தது. பிறக்கும்போது இருந்த ஊசிப் படிகங்கள் தடித்துப் போய்விட்டன. இழுத்தபோது வெற்றி தேடித்தந்த அந்த நுண்மையே போய்விட்டது. மறுபடி சூடாக்கி அதை மீட்கப் போனால் துளைகள் திறக்கின்றன. துளையை மூடினால் பலம் போகிறது. பலத்தை மீட்டால் துளை திரும்புகிறது. இந்தப் பொறியிலிருந்து வெளியேற வழி உண்டா?

ஒரு சிறு இடைவெளி

துளைகள் பிறக்கும் கணத்தையே பிடித்துவிட முயன்றவர்கள் சிகாகோ அருகே ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். (வாயுவின் பெயரும் இதுவும் தமிழில் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை.) அங்குள்ள மாபெரும் எக்ஸ்ரே மூலத்தைக் கொண்டு, லேசர் உலோகத்தைத் துளைப்பதை நொடிக்குப் பல ஆயிரம் படங்களாக எடுத்தார்கள். 2019இலும் 2020இலும் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்த ஆய்வுகள், ஆவிக் குழியின் நுனி எந்த நிலையில் தடுமாறிக் குமிழியை உதிர்க்கிறது என்பதைக் கண்முன் காட்டின. லேசரின் சக்தியையும் வேகத்தையும் எந்த எல்லைக்குள் வைத்தால் குழி அமைதியாக இருக்கும் என்று அச்சிடுவோர் இப்போது ஆதாரத்தோடு தேர்ந்தெடுக்க முடிகிறது.

மீதிப் பொறியை உடைத்தது சீனாவின் ஷென்யாங் நகரில் உள்ள உலோக ஆய்வு நிறுவனம். அங்குள்ளவர்கள் அச்சிட்டு அழுத்திய டைட்டானியத்தை வேகமாகச் சூடாக்கி, என்ன எந்த வரிசையில் நடக்கிறது என்று கூர்ந்து பார்த்தார்கள். படிகத்தின் உள் அமைப்பு முதலில் மாறுகிறது. படிகங்கள் பருப்பது கொஞ்சம் தாமதித்துத்தான் தொடங்குகிறது. துளைகள் திரும்பத் திறக்கவும் நேரம் பிடிக்கிறது. மாற்றம் நடந்துவிட்டது, கேடு இன்னும் தொடங்கவில்லை. அந்தச் சிறு இடைவெளியில் சூட்டை நிறுத்திச் சட்டென்று குளிர்வித்தால் நுண்மை திரும்புகிறது, துளை திரும்புவதில்லை.

2024 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. இழுத்துத் தளர்த்தும் சோதனையில் 475 மெகாபாஸ்கலாக இருந்த சோர்வு எல்லை 978 ஆக ஏறியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். பொடியில் பிறந்த உலோகம் இயல்பாகவே சோர்வுக்குத் தோற்கும் என்ற பழிச்சொல் அன்று பொய்யானது. தோற்றது உலோகம் அல்ல, அதற்குள் நாம் விட்ட துளைகள். வோலர் காலம் முதல் இந்தத் தொடரில் வந்த ஒவ்வொரு விபத்தும் சொன்ன பாடம் இதுதான்: ஒரு பொருளின் ஆயுளை அதன் பெரும்பகுதி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை, அதன் ஆகக் கெட்ட ஒரு புள்ளி தீர்மானிக்கிறது. 99.9 என்ற எண்ணைப் பார்த்து நிறைவடைகிற பொறியாளரை நம்பி விமானம் ஏறக்கூடாது. மீதி 0.1இல் ஆகப் பெரியது எது என்று கேட்கிறவரைத்தான் நம்ப வேண்டும்.

கை எட்டாத சுவர்

ஷென்யாங்கில் சோதித்தவை கடைந்து வழவழப்பாக்கிய துண்டுகள். இப்போது முராகாமியின் அந்த வரியை எடுப்போம்: மேற்பரப்பில் இருக்கும் குறையே அதிகம் கெடுக்கும். அச்சிட்ட பாகத்தின் தோல் சொரசொரப்பானது. பாதி உருகிய பொடி மணிகள் ஒட்டிக்கிடக்கும். படலத்துக்குப் படலம் பள்ளம் விழுந்திருக்கும். ஒவ்வொரு பள்ளமும் விரிசலுக்கு ஒரு வாசல். வாயு அழுத்தம் இதைச் சரிசெய்யாது. வெளியோடு தொடர்புள்ள பள்ளத்துக்குள் அதே வாயு நுழைந்துவிடுவதால் மூடவைக்க விசையே இல்லை. 2018 ஆய்வில் முராகாமி குழுவினர் கண்டதும் இதையே: அழுத்தியும், மெருகேற்றியும், இரண்டையும் செய்தால்தான் முழுப் பலன்.

வெளித்தோலைக் கடைந்துவிடலாம். உள்தோலை?

முப்பரிமாண அச்சின் பெருமையே உள்ளே வளைந்து நெளிந்து ஓடும் குழாய்களை ஒரே துண்டில் அச்சிட முடிவதுதான். ராக்கெட் எஞ்சின்களில் எரியறையின் சுவருக்குள்ளேயே குளிர்விக்கும் வழிகளை இப்படி அமைக்கிறார்கள். சுவரின் ஒரு பக்கம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நெருப்பு. சில மில்லிமீட்டர் தள்ளி மறுபக்கம் குளிர்ந்த எரிபொருள். அந்த வழிகளுக்குள் எந்த லேத் உளியும் போகாது, எந்த மெருகுக் கல்லும் எட்டாது. அங்கே கோடி முறை ஆடும்வரை விரிசல் காத்திருப்பதும் இல்லை. ஒவ்வொரு பற்றவைப்பும் சுவரை விரியவைத்துச் சுருக்கும் ஒரு பெரும் சுற்று. சில நூறு சுற்றுகளில், சில வேளை அதற்கும் குறைவாக, அது பிளந்துவிடலாம்.

2024 மே 30, காலை 7.15 மணி. ஸ்ரீஹரிகோட்டாவின் தனியார் ஏவுதளத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனத்தின் சிறு ராக்கெட் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. முந்தைய முயற்சிகள் எல்லாம் ஏவாமலே நிறுத்தப்பட்டவை. அதன் அடியில் இருப்பது இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாய் அச்சிட்ட எஞ்சின். திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரிப்பது. அப்படி ஒரே துண்டாய் அச்சிட்ட எஞ்சின் ஒன்று அதுவரை உலகில் எங்கும் ராக்கெட்டைச் சுமந்து பறந்ததில்லை என்கிறது அந்நிறுவனம். கவுன்ட் டவுன் முடிகிறது. பற்றவைக்கும் ஆணை போகிறது. எந்தக் கையும் தொட்டுப் பார்க்க முடியாத உள்சுவர்களை நம்பி ஒரு குழு எப்படி அந்த ஆணையைக் கொடுத்தது?

(அடுத்த வாரம்: உள்சுவரின் ரகசியம் – தொடரும்)